ஈர மேசையும் காய்ந்த மேசையும்

பெனடிக்டாவின் கடையில் கணினியிலிருந்து கடல் தண்ணீர் வடியத் தொடங்கிய அந்தத் தவக்காலத்துப் புதன்கிழமைக்கு முன்பும் செந்தாந்துறையில் நாங்கள் ஒருவரையொருவர் நம்பித்தான் வாழ்ந்துகொண்டிருந்தோம், ஆனால் எதுவரை நம்பலாம் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் ஊரில் நூற்றுப்பத்து வள்ளங்கள். ஒவ்வொரு வள்ளத்திலும் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ஜிபிஎஸ் கருவி, மழைக்காகிதத்தில் சுற்றி, கயிற்றில் கட்டி, ஓட்டுகிறவன் கழுத்தில் தொங்கும். கடலுக்கடியில் இருக்கும் பாறை மேட்டை நாங்கள் பாரு என்போம். கலவாயும் வெளமீனும் பாரில்தான் அடையும், பாரு இல்லாத இடத்தில் சேறுதான், சேற்றில் தூண்டில் போட்டுவிட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பாரைக் கண்டுபிடித்தவன் அந்த இடத்தின் எண்களைக் கருவியில் ஏற்றி, வீட்டில் உள்ள யாராவது ஒருவரின் பெயரை அந்தப் பாயின்ட்டுக்கு இடுவான். பெயரைச் சொல்லலாம், பெருமையாகக்கூடச் சொல்லலாம். எண்ணை அண்ணன் தம்பியிடம் சொல்ல மாட்டான், தம்பியும் கேட்க மாட்டான். கேட்பது, குளிக்கிற இடத்தில் எட்டிப் பார்ப்பதைப் போன்ற காரியம்.

அப்படியும் போதாதென்று சாய்ப்பு என்று ஒரு பழக்கம் வைத்திருந்தோம். கருவி களவு போனாலும் பாரு களவு போகக் கூடாதல்லவா, அதனால் பாருக்கு மேலே நின்று கருவி காட்டுகிற எண்ணைப் பார்த்து, மனதுக்குள் அதைச் சற்று நகர்த்தி, வடக்கே இவ்வளவு கிழக்கே இவ்வளவு என்று கூட்டி, அந்தப் பொய் எண்ணைத்தான் கையால் தட்டி ஏற்றுவோம். திரும்பிப் போகும்போது மனதுக்குள் கழித்துக்கொள்வோம். எவ்வளவு கூட்டுவது என்பது வள்ளத்துக்கு வள்ளம் மாறும். ஒருவன் மகள் பூப்படைந்த தேதியைக் கூட்டுவான், ஒருவன் தகப்பன் செத்த தேதியை. வள்ளத்தில் ஏறுகிற இருவருக்கோ மூவருக்கோ மட்டும் அது தெரியும். இரண்டு தலைமுறை இப்படிச் சாய்த்துச் சாய்த்து, வீட்டில் பெண்டாட்டி மணி கேட்டால்கூடக் கால் மணி நேரம் தள்ளிச் சொல்லுகிற ஆட்களாக ஆகியிருந்தோம்.

கருவிகளுக்கு ஆயுள் குறைவு. உப்புக் காற்று இரண்டு வருடத்தில் தின்றுவிடும். அதனால் வருடத்துக்கு ஒருமுறையாவது அதில் இருப்பதைக் கணினியில் எடுத்து வைக்க வேண்டும், அதற்குத்தான் பெனடிக்டா. சிலுவை நட்ட குருசடிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள், நாற்பது வயது, தனியாள், நாகர்கோவிலில் கணினி படித்தவள். கருவியைச் செருகிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். கருவிக்காரன் தன் துண்டைத் திரையின் மேல் போட்டு, துண்டுக்குள் தலையை விட்டு, எல்லாம் ஏறிவிட்டதா என்று பார்ப்பான். பதினான்கு வருடத்தில் பெனடிக்டா ஓர் எண்ணைக்கூடப் பார்த்ததில்லை என்பதை ஊரே ஒப்புக்கொள்ளும்.

அவளிடம் இருந்தது எல்லாக் கடைகளிலும் இருக்கிற விண்டோஸ் கணினி. அதற்குத் துணையாகப் பங்குப் பள்ளியில் கழித்துப்போட்ட ஒரு பழைய கணினியைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் இருந்தது லினக்ஸ், திரையைத் திறந்ததும் ஒரு பென்குவின் பறவை உட்கார்ந்திருக்கும். இரண்டும் இரண்டு சுபாவம். முதல் கணினிக்குக் கருவியோடு பேச நடுவே ஒரு மென்பொருள் வேண்டும், தமிழில் இட்ட பெயர்களை அது கட்டம் கட்டமாகக் காட்டும். பென்குவின் கணினி கருவியைப் பென் டிரைவைப் போலச் சும்மா திறந்துவிடும், பெயர்களையும் ஒழுங்காகக் காட்டும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி கட்டளையைத் தட்ட வேண்டும். அந்தப் புதன்கிழமை, நெற்றியில் சாம்பலோடு வந்த எரோணிமூஸின் கருவியை அதில் செருகி, கட்டளையைத் தட்டி, ‘அன்னம்மாள்’ என்ற பாயின்ட்டைத் திறந்தபோது, செருகிய துளையிலிருந்து தண்ணீர் வடிந்தது. முதலில் சொட்டாக, பிறகு நூலாக, ஒரு செம்பு நிறைகிற அளவுக்கு வந்து நின்றது. கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. பெனடிக்டா தரை துடைக்கிற துணியை எடுத்து வந்தாள். எரோணிமூஸ் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, இது எனக்க பாருல்லா என்றார், சொல்லிவிட்டதற்காக உடனே வருந்தி, துண்டால் மேசையை அவசரமாகத் துடைத்தார்.

இப்படித்தான் அது தொடங்கியது, ஒரு வாரத்தில் பழகியும் போனது. பெனடிக்டா மேசைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை வைத்தாள். மின்சார வாரியத்துக்காரர் வந்து, தண்ணீரும் கரண்ட்டும் ஒரே இடத்தில் இருப்பது விதிக்கு மாறானது என்று சொல்லிவிட்டு, மறுநாள் மாமியாரின் முழங்கால் வலிக்காக ஒரு குடத்தோடு வந்தார். மீன்வளத்துறையிலிருந்து ஒருவர் பாட்டிலில் மாதிரி எடுத்துப் போனார், மூன்று வாரம் கழித்து, அனுப்பப்பட்ட மாதிரி கடல் நீர் என்று கடிதம் வந்தது, அதை பெனடிக்டா கடையில் ஒட்டி வைத்தாள். பங்குச் சாமியார் இரண்டு புத்தகங்களைப் பார்த்துவிட்டு, இதைத் தடுக்கவும் இடமில்லை, புகழவும் இடமில்லை, தீர்த்தத் தொட்டியில் மட்டும் ஊற்றாதீர்கள் என்றார். நாங்களும் ஊற்றவில்லை.

எங்களுக்கு இருந்த கவலை வேறு. விண்டோஸ் இருந்த காய்ந்த மேசையில் வருவது நாங்கள் ஏற்றிய எண், பென்குவின் இருந்த ஈர மேசையில் வருவது நாங்கள் நின்ற இடத்தின் தண்ணீர். எண்ணைச் சாய்க்கலாம், தண்ணீரைச் சாய்க்க முடியவில்லை. கடலில் பிறந்து வளர்ந்தவன் நாக்கில் வைத்தால் சொல்லிவிடுவான், இது பாரா சேறா, ஆழம் எவ்வளவு, எந்தப் பக்கத்து நீரோட்டம் என்று. அதனால் ஆண்கள் காய்ந்த மேசையோடு நிறுத்திக்கொண்டார்கள். ஈர மேசை பெண்களுக்கு, அதிலும் விதவைகளுக்கு என்று ஆனது.

அதற்குக் காரணம் அக்கினேசம்மாள். அவள் புருஷன் கடலில் போனவன், உடல் வரவில்லை, கல்லறையில் அவன் சட்டையைத்தான் வைத்துப் புதைத்திருந்தார்கள். அவள் அவன் கருவியைக் கொண்டுவந்து, அவன் செத்த இடத்துப் பாயின்ட்டைத் திறக்கச் சொல்லி, தண்ணீரை பாட்டிலில் பிடித்துப் போய்க் கல்லறை மேல் ஊற்றினாள். அவ்வளவுதான், அடுத்த கல்லறைத் திருநாளுக்கு, வெறும் சட்டையைப் புதைத்த பதினேழு வீட்டுக்காரர்களும் பாட்டிலோடு வரிசையில் நின்றார்கள். பெனடிக்டா அன்று கடையில் ஜெராக்ஸ் எடுக்கவில்லை.

அந்த வரிசையில் ரெஜினாள் நிற்கவில்லை. அவள் புருஷன் ததேயு போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ததேயுவும் ரெஜினாளின் தம்பி செலஸ்டினும் ஒரே வள்ளம். ஆனி மாதத்து ஒரு விடியலில் பாருக்கு மேலே நின்று தூண்டில் போடும்போது காற்று மாறி, ஒரு அலை வள்ளத்தைப் பக்கவாட்டில் தூக்கிப் போட்டதில் ததேயு தண்ணீரில் விழுந்தான், அதே அலையில் எஞ்சினும் அணைந்து, கிளப்புவதற்குள் நீரோட்டம் வள்ளத்தை வெகுதூரம் இழுத்துவிட்டது, திரும்பிப் போய்த் தேடினால் ஆளைக் காணோம். எட்டு மணிக்கெல்லாம் செலஸ்டின் தனியாகக் கரை ஏறினான். கோயில் மணி அடித்தது. ததேயு ஒருமுறை கவிழ்ந்த வள்ளத்தின் எண்ணெய்க் கேனைப் பிடித்துக்கொண்டு ஒரு பகலும் ஒரு இரவும் மிதந்து வந்தவன் என்பது ஊருக்குத் தெரியும், அதனால் அழுவதற்குக்கூட யாரும் நிற்கவில்லை. செலஸ்டின் கருவியைப் பார்த்து எண்ணை வாசித்தான், நாற்பது வள்ளங்கள் அந்த எண்ணுக்குப் போயின. பதினோரு நாள் தேடினோம். நானும் ஒரு வள்ளத்தில் இருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் ததேயுவின் நீலச் சட்டையைப் புதைத்தோம். செலஸ்டின் அந்தக் கருவியைக் கழற்றி அக்காள் கையில் கொடுத்தான். அதன்பின் வேறு கருவியோடு தனியாகக் கடலுக்குப் போனான், அக்காள் வீட்டுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. இந்தக் காலத்தில் இப்படி ஒரு தம்பியா என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

இரண்டாம் வருட நினைவு நாளில் ரெஜினாள் கைக்குட்டையில் சுற்றிய கருவியோடு கடைக்கு வந்தாள். அதை எடுக்க வேண்டாம், பேட்டரி ஊறிப்போய்க் கிடக்கும், கையில் வெடித்தாலும் வெடிக்கும் என்று தம்பி முந்தின நாள் இரண்டு முறை வந்து சொன்னானாம். அவள் பேட்டரியை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். பெனடிக்டா ஈர மேசையில் செருகினாள். வரிசையாகப் பெயர்கள் வந்தன, அதில் ஒன்று ‘ரெஜினாள்’. அவர்கள் கடைசியாகப் போன பாரு அதுதான். புருஷன் அதற்கு அவள் பெயரை இட்டிருந்தது அவளுக்கு அதுவரை தெரியாது. சற்று நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திற என்றாள்.

வந்த தண்ணீர் கண்ணாடியைப் போல இருந்தது. குளிர்ந்திருந்தது. அதில் ஒரு துணுக்குப் பாசி, நகத்தளவு பவளப்பூச்சி ஒட்டிய சிப்பித் துண்டு. மேசையில் பாறை மணம் எழுந்தது, மழைக்குப் பிறகு அம்மிக்கல்லில் எழுவதைப் போல. ரெஜினாள் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். கடலுக்குப் போகாதவள்தான், ஆனாலும் மீன்காரன் மகள், மீன்காரன் பெண்டாட்டி. கடைக்கு வெளியே நின்றிருந்த எங்களை அழைத்து, இதை நாக்கில் வைத்துப் பார்த்து என்ன தண்ணீர் என்று சொல்லுங்கள் என்றாள்.

எரோணிமூஸ் வைத்துப் பார்த்தார். உப்புத் தண்ணீர் என்று சொல்லிவிட்டுக் கீழே பார்த்தார். அடுத்தவனும் உப்பு என்றான். ஒவ்வொருவராக ஆறு பேர் பார்த்தோம், ஆறு பேரும் உப்பு என்றோம். எனக்கு நாக்கில் பட்டதுமே தெரிந்தது. அது இருபத்தைந்து பாகம், இரு கையையும் விரித்தால் ஒரு பாகம், அந்த ஆழத்து நல்ல பாரு. நாங்கள் பதினோரு நாள் தேடிய இடம் சேறு. முதல் நாளே ஈயக்குண்டை இறக்கிப் பார்த்தபோது கறுப்புச் சேறுதான் ஒட்டிக்கொண்டு வந்தது. என் வள்ளத்தில் மட்டுமா, நாற்பது வள்ளத்திலும் அதுதான் வந்திருக்கும். ஒரு ஆள் உயிருக்குத் தேடும்போது செலஸ்டின் எண்ணை நேராக்கித்தான் சொல்லியிருப்பான் என்று எல்லோரும் நினைத்தோம், சேற்றைப் பார்த்தபின் ஒவ்வொருவருக்கும் சந்தேகம் வந்தது, ஆனால் அதைக் கேட்பதென்றால் உன் பாரு எங்கே என்று கேட்பதாகும். நாங்கள் ஈயக்குண்டைக் கழுவி உள்ளே வைத்துவிட்டு, சேற்றின் மேல் பதினோரு நாள் சுற்றிச் சுற்றி வந்து ததேயுவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். தொண்டை கட்டிப்போகும்வரை கூப்பிட்டோம், அது பொய் இல்லை.

ரெஜினாள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு பெனடிக்டாவிடம் கருவியைக் காய்ந்த மேசையில் செருகச் சொன்னாள். அங்கே பெயர் கட்டம் கட்டமாகத்தான் வந்தது, எண் தெளிவாக வந்தது. அது எல்லோருக்கும் தெரிந்த எண், தேடிய பதினோரு நாளும் கோயில் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்த எண். பதினான்கு வருடத்தில் முதல்முறையாக பெனடிக்டா திரையைப் பார்த்து அதை ஒரு தாளில் எழுதினாள், எழுதிவிட்டு, எக்கா, தேடப் போன வள்ளத்துக் கயித்துல சேறுல்லா ஒட்டியிருந்துச்சு, இது சேறு, அது பாரு, ரெண்டும் ஒரே பேர்ல இருக்கு என்று சொன்னாள். நாங்கள் ஆறு பேர் சொல்லாததை ஜெராக்ஸ் கடைக்காரி சொன்னாள்.

ஆள் அனுப்பிச் செலஸ்டினைக் கூட்டிவந்தார்கள். குளித்து, நினைவுத் திருப்பலிக்காக வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். ரெஜினாள் நாற்காலியிலிருந்து எழவில்லை. பாட்டிலை நீட்டினாள்.

“வாயில வச்சுப் பாரு லே.”

அவன் வாங்கவில்லை. “உப்புத் தண்ணிதானே எக்கா.”

“அதத்தான் எல்லாரும் சொல்லிட்டாவளே. நீ வேற எதாவது சொல்லு.”

அவன் வாசலில் நின்ற எங்களைப் பார்த்தான். நாங்கள் குருசடியைப் பார்த்தோம். பிறகு சுவரைப் பார்த்துப் பேசினான். அன்றைக்குக் கரையில் இறங்கியதும் ஊரே சுற்றி நின்று எங்கே எங்கே என்று கேட்டதாம், கருவியில் இருந்ததை அப்படியே வாசித்துவிட்டானாம். நேராக்கிச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லையாம், வாய்க்கு அதுதான் பழக்கம் என்றான். அதை நாங்கள் நம்பினோம். ரெஜினாளும் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன்.

“சரி. மறுநாளு?”

அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

“மறுநாளு ஒனக்க வாயி நல்லாத்தானே இருந்துச்சு. எனக்க வீட்டுல வந்து கஞ்சி குடிச்சியே. ஒனக்க அத்தான் தண்ணில கெடக்கான், ஒரு நாளு கெடப்பான், ரெண்டு நாளு கெடப்பான்னு நான் சொல்லிட்டு இருந்தேனே, கேட்டுட்டுத்தானே இருந்த.”

“மறுநாளு சொன்னா, மொத நாளு ஏன் சொல்லலன்னு கேப்பாவ எக்கா.” பிறகு குரல் இறங்கி, தனக்கே சொல்வதைப் போலச் சொன்னான். “நாப்பது வள்ளம். நாப்பது பேருக்கும் பாரு தெரிஞ்சிருமே.”

அவனை அடிக்க யாரும் உள்ளே பாயவில்லை. அந்தப் பதில் எங்களுக்குப் புரிந்தது, அதுதான் அன்று நடந்ததிலேயே மோசம், ஒவ்வொருவனும் தன் மனதுக்குள் தன் பாரை நினைத்து, தன் மச்சானை நினைத்து, எதைச் சொல்லியிருப்போம் என்று பார்த்துக்கொண்டு நின்றோம். ரெஜினாள் அதையும் பார்த்தாள்.

சாய்ப்பு எவ்வளவு என்று கேட்டாள்.

“வடக்க மூணு, கெழக்க ரெண்டு. அத்தான் வச்சது.” பிறகு, “ஒங்க கலியாணத் தேதி” என்றான்.

பிப்ரவரி மூன்று. அவள் விரல்களை மடக்கிக் கழித்துப் பார்த்ததை நான் கண்டேன். பெனடிக்டாவிடமிருந்து தாளை வாங்கி, எழுதியிருந்த எண்ணை அடித்து, நேரான எண்ணை அதன் கீழே எழுதினாள். எழுதி முடித்தபின், தலையைத் தூக்காமலே, ரெண்டு வருசமா வெள்ளிக்கிழமை தவறாம எனக்குக் கலவா கொண்டு வந்து தந்தியே, அது எந்தப் பாருல புடிச்சது என்று கேட்டாள். அவன் தாளில் அவள் எழுதிய எண்ணைப் பார்த்தான். அவள் இரண்டாவது தரம் கேட்கவில்லை. எழுந்து, கடைக்குப் பின்னால் போய், கிணற்றடியில் வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தாள், பெனடிக்டா போய்த் தோளைப் பிடிக்கும்வரை கொப்பளித்தாள்.

திரும்பி வந்து தெருவில் நின்று, தாளைப் பார்த்து அந்த எண்ணை உரக்க வாசிக்கத் தொடங்கினாள். அப்போது நாங்கள் செய்ததை எங்கள் ஊரைத் தவிர வேறெங்கும் செய்திருக்க மாட்டார்கள். அடுத்தவன் பாரின் எண் காதில் விழக் கூடாது என்று, அத்தனை ஆண்களும் காதைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றோம். மரியாதை என்று நினைத்துத்தான் செய்தோம். அவள் வாசித்து முடித்தாளா பாதியில் நிறுத்தினாளா என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. கையை எடுத்தபோது அவள் தெருவில் இல்லை.

மறுநாள் காலையில் ரெஜினாளும் பெனடிக்டாவும் செலஸ்டினின் வள்ளத்தில் ஏறினார்கள். எங்கள் ஊரில் பெண்கள் வள்ளத்தில் ஏறுவதில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. மூன்று பேரும் அன்று மதியமே திரும்பிவிட்டார்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், மற்றது பெனடிக்டா பிறகு சொன்னது.

செலஸ்டின்தான் ஓட்டினான். ரெஜினாள் அவனுக்கு எதிரே, கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு, தாளை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை மணி நேரம் ஓடினார்கள். கருவியின் எண்ணும் தாளின் எண்ணும் ஒன்றானபோது எஞ்சினை அணைக்கச் சொன்னாள். அங்கே கடல் மற்ற இடத்தைப் போலத்தான் இருந்தது. பெனடிக்டா ஏதோ ஒரு அடையாளம் இருக்கும் என்று எதிர்பார்த்தாளாம், ஒன்றும் இல்லை. ரெஜினாள் குனிந்து கை நிறைய அள்ளி வாயில் வைத்துப் பார்த்தாள், பாட்டிலில் இருந்ததுதான். நங்கூரம் போட செலஸ்டின் எழுந்தான். வேண்டாம் என்றாள்.

“எறங்கு.”

அவன் அக்காளைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.

“கைய விடு.”

விட்டான். நீரோட்டம் வள்ளத்தைத் தள்ளத் தொடங்கியது. ரெஜினாள் கருவியில் மாறிக்கொண்டிருந்த எண்களை ஒன்று விடாமல் அவனுக்குக் கேட்கும்படி வாசித்தாள். முதலில் அவன் கூடவே நீந்தி வந்தான், பிறகு நீந்துவதை விட்டுவிட்டு மிதந்தான், தலை சிறுத்து, அலைக்கு அலை மறைந்து தெரிந்தது. இன்னும் கொஞ்சம் போனால் அவன் எந்தப் பக்கம் இருக்கிறான் என்பதே தெரியாமல் போகும் என்று பெனடிக்டா பயந்து ரெஜினாளின் கையைப் பிடித்தபோது, காற்றோடு ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று முதலில் நினைத்திருக்கிறாள். காதைக் கொடுத்துக் கேட்டால், அவன் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த இடத்தின் எண்ணை, எட்டு இலக்கமும் அப்படியே, சாய்க்காமல், மூச்சு வாங்கி, ஒவ்வொன்றாக, திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தான்.

ரெஜினாள் வாசிப்பதை நிறுத்தினாள். மடியில் இருந்த தாளை எடுத்து, காற்றில் வந்த ஒவ்வொரு இலக்கத்தையும் விரல் வைத்துச் சரிபார்த்தாள். சரியாக இருந்தது.

“இன்னொரு தடவ சொல்லு லே” என்றாள், கத்தாமல், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் போல.